விண்ணப்பமும் கதையும்

நம் நாட்டுத் தமிழ் மக்களிடையே இரண்டு வகையான எழுத்து நெடுநாளாக நடந்து வருகிறது. ஒன்று, பத்திரிகையிலும் பரிசுப் போட்டியிலும் இடம் பெற்றுப் பாராட்டப்படும் கதை. மற்றொன்று, எவரும் எழுத்தென்று மதியாத விண்ணப்பம். முன்னதை எழுதுவோர் எழுத்தாளர் எனப்படுவர். பின்னதை எழுதுவோர் என்னைப் போன்ற தோட்டத்துக் கிராணிமார். மஸ்ஜித் தானாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் நான் உத்தியோகம் பார்த்துவரும் இத்தனை வருஷங்களில், செம்பனைக் குலைக் கணக்கையும் சம்பளக் கணக்கையும் நீக்கிவிட்டால், என் கையால் அதிகமாக எழுதப்பட்டது குடியுரிமை விண்ணப்பமே. இவ்விரு எழுத்துகளையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. பார்த்த அளவில் நம் கதை தோற்று நிற்கிறது என்பது என் அபிப்பிராயம். அது ஏன் தோற்றது என்பதைப் பற்றியே இங்கு எழுதப் புகுகிறேன்.

நீல ஐ.சி.க்கும் சிவப்பு ஐ.சி.க்கும் உள்ள பேதத்தை நம் நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீலம் குடிமக்களுக்கு, சிவப்பு நிரந்தரவாசிகளுக்கு, தற்காலிகமாகத் தங்குவோருக்குப் பச்சை, இம்மூன்றும் அற்றோர்க்கு எந்த நிறமும் இல்லை. 'நிரந்தரவாசி' என்ற சொல்லை மட்டும் சற்று நின்று கவனிக்க வேண்டும். நிரந்தரம் என்னும் அடைமொழியை நம் சீர்திருத்தக்காரர் கடவுளுக்குக்கூட எளிதில் விட்டுக் கொடார். அதைத் தோட்டத்துக் கிழவிக்குச் சர்க்கார் தாராளமாய் வழங்கிவிட்டது! ஆனால் அந்த நிரந்தரத்தைக் கொண்டு அவள் ஓட்டுப் போட இயலாது. ஐம்பது வருஷம் ஒரே லயத்தில் குடியிருந்தவளுக்கு, 'நீ இங்கு இருக்கலாம், இந்நாட்டவள் ஆகமாட்டாய்' என்று கூறும் அட்டை அது. இருப்பதற்கும் ஆவதற்கும் நடுவிலுள்ள அந்தச் சந்திலேதான் ஒரு பெரிய இலக்கியம் எழுந்திருக்க வேண்டும்.

இந்நிலை எங்ஙனம் உண்டாயிற்று என்பதைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். 1948ஆம் வருஷம் பிப்ரவரியில் மலாயாக் கூட்டரசு ஏற்பட்டபோது, விண்ணப்பித்துக் குடிமகன் ஆக விரும்பியவன் இந்நாட்டிற் பிறந்தவனாயின் 12 வருஷத்தில் 8 வருஷமும், அல்லாதவனாயின் 20 வருஷத்தில் 15 வருஷமும் இங்கு வாழ்ந்திருக்க வேண்டும் என்று விதி வகுக்கப்பட்டது. அவ்வருஷம் ஜூனில் அவசரகாலம் பிறந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட யாவரும் அடையாள அட்டை பெற வேண்டியதாயிற்று. 1957இல் மெர்டேக்கா வந்தபோது முதல் ஒரு வருஷத்துக்குப் பலருக்கு மொழித் தேர்விற் சலுகையும் தரப்பட்டது. பட்டணத்தில் பத்திரிகை படித்தவர்கள் ஓடிச் சென்று எழுதிக்கொண்டார்கள். தோட்டத்தில் விடியுமுன் பிரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் சுமந்து, அந்தியில் அடுப்பு மூட்டியவர்களுக்கு அந்த ஒரு வருஷம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. தெரிந்தவர்களிலும் பலர், 'என்றைக்கானாலும் ஊருக்குப் போகிறவர்கள்தானே நாம்' என்று இருந்துவிட்டனர். தலைமுறை தலைமுறையாய்த் தோட்டத்து வேலியைத் தாண்டாமல் வளர்க்கப்பட்டவர்களை, வேலிக்கு வெளியே நடந்ததை அறியவில்லை என்று குறை கூறுவதும் நியாயமாகாது.

பிறகு 1968ஆம் வருஷத்து வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவன் வேலை செய்வதற்குப் பெர்மிட்டு வேண்டும் என்றாயிற்று. அதன்பின் சில வருஷங்களில் இந்தியாவுக்குத் திரும்பிய தோட்டத் தொழிலாளரின் தொகையை 60,000 என்று கணக்கிடுவோர் உண்டு. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறங்கிய அவர்களிற் பலர் அதற்கு முன் அம்மண்ணை மிதித்ததே இல்லை. 'திரும்பினார்கள்' என்று நான் எழுதியதே பிழைபட்ட வினைச்சொல் என்பதை நேயர்கள் கவனிக்கலாம். போகாத இடத்துக்கு எப்படித் திரும்புவது?

நிற்க. இனி இலக்கியத்துக்கு வருவோம்.

மலேசியத் தமிழ் நாவல் சில பெரிய காரியங்களைச் செய்திருக்கிறது. சயாம் மரண ரயிலை ஆர். சண்முகமும், அதே துயரத்தை வேறு பாதையில் அ. ரெங்கசாமியும் எழுதி, சர்க்கார் சரித்திரப் புத்தகங்கள் விட்டதை நிரப்பினர். சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' தோட்டத்து மனிதனின் பேச்சையும் நாற்றத்தையும் ஒளிவு மறைவின்றிக் கொண்டுவந்தது. கப்பல், காடு, கங்காணி, ஜப்பான்காரன், கள்ளுக்கடை ஆகிய யாவற்றுக்கும் நம்மிடம் கதை உண்டு. விண்ணப்பம் கொடுத்துவிட்டு இருபது வருஷம் காத்திருப்பவனுக்கு உரிய கதையைத்தான் தேட வேண்டியிருக்கிறது. கிடைக்கும் சிறுகதைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. கிழவன் ஒருவன் இருப்பான். அவன் மாசு மருவற்றவன். அலுவலகத்தில் ஓர் அதிகாரி இருப்பான், அவன் அரக்கன். கிழவன் அலைந்து அலைந்து, கடைசியில் நீல ஐ.சி. வரும் தினத்தில் பாடை கட்டப்பட்டிருக்கும். தபால்காரன் வாசலில் நிற்பான். கதை முடிந்தது, பரிசு கிடைத்தது.

இதை நான் பரிகாசத்துக்காகக் கூறவில்லை. சாவு நேர்வதும் உண்டு. ஆனால் இவ்வகைக் கதையின் குற்றம் யாதெனில், அது காத்திருத்தலைக் காட்டாமல் தப்பித்துக் கொள்கிறது. சாவைக் காட்டி வாசகனை அழ வைப்பது சுலபம். காத்திருப்பவன் சாகாமல் மறுநாளும் எழுந்து வேலைக்குப் போகிறான் என்பதை எழுதுவதுதான் சிரமம். மேலும் நான் அறிந்த அளவில், கவுண்டருக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவர் அரக்கர் அல்லர். அநேகமாய் அவர் இருபத்தைந்து வயதுள்ள ஒரு மலாய்ப் பெண். கிழவியைப் பார்த்து 'மாக்சிக்' என்று அன்போடு அழைத்து, நாற்காலியைக் காட்டி, இன்னும் ஒரு பத்திரம் குறைகிறது என்று சொல்பவர். கடிந்து பேசினால் திருப்பி மனத்துக்குள்ளாவது வையலாம். மரியாதையாகச் சொல்லப்படும் 'இல்லை'யை என்ன செய்வது? அந்த மரியாதையைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் திரும்பும் கிழவியின் முகத்தை எழுத நம் பேனாக்களுக்குப் பழக்கமில்லை.

முடிவுக் கடிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விண்ணப்பம் வெற்றி பெறவில்லை என்று மட்டுமே அது கூறுவது வழக்கம். இத்தகைய முடிவின்மேல் நீதிமன்றத்துக்கு அப்பீல் கிடையாது என்று அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை விதிக்கிறது. காரணம் சொல்லப்படாத மறுப்பு மனிதனை என்ன செய்யும்? காரணத்தைத் தன்னுள்ளேயே தேட வைக்கும். 'அன்றைக்கு மலாய் பேசும்போது நாக்குத் தடுமாறியதே, அதனாலோ? எழுபதில் சண்டை போட்டுப் போலீஸுக்குப் போனேனே, அதனாலோ? கல்யாணத்தைப் பதியாமல் விட்டோமே, அதனாலோ?' என்று கிழவர்கள் தம் வாழ்நாள் முழுவதையும் திரும்பத் திரும்பக் கிளறுவதை நான் கேட்டிருக்கிறேன். ஊழ்வினையைப் பற்றி நம் முன்னோர் பேசிய பேச்சுக்கும் இதற்கும் பேதமில்லை. விதியை நம்பாதே என்று மேடையில் நாம் பேசுகிறோம். கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து காரணமின்றித் தீர்ப்பு வந்துகொண்டிருக்கையில் விதியை நம்பாதிருப்பது எத்தனை கடினம் என்பதையும் நாம் உணர வேண்டும். படிவத்தை மாரியம்மன் காலடியில் வைத்து எடுத்து வருவோரை நான் இப்போது கடிந்து பேசுவதில்லை. தரகனிடம் பணம் கட்டி ஏமாறுவதைவிட அது மலிவு.

படிவத்தையே ஓர் இலக்கியமாகப் பாவித்துப் படித்துப் பாருங்கள். பெயர் என்ன என்று அது தொடங்குகிறது. முனியம்மா என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். செக்ரோலில் அவள் முனியம்மா, ஆஸ்பத்திரிச் சீட்டில் முனியாமா, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் மூனியம்மாள், சிவப்பு ஐ.சி.யில் வேறொன்று. இந்த நால்வரும் ஒருத்தியே என்று அவள் சத்தியக் கடிதம் முடித்துத் தர வேண்டும். எழுதியவர்கள் யார்? அக்காலத்துக் கிராணிமாரும் குமாஸ்தாக்களுமே. எங்கள் குலத்துப் பேனா அன்று அலட்சியமாய் விட்ட ஓர் எழுத்துக்கு இன்று ஒரு குடும்பம் தண்டம் கட்டுகிறது. அடுத்து, பிறந்த தேதி. 'ஜப்பான்காரன் வருவதற்கு முந்தி', 'பெரிய வெள்ளம் வந்த வருஷம்' என்று பதில் வரும். நான் அதை ஜனவரி முதல் தேதியாக மாற்றுவேன். எங்கள் பக்கத்தில் ஜனவரி முதல் தேதியிற் பிறந்த கிழவிகள் எத்தனை பேர் என்று எண்ணினால் ஜோசியர்கள் திகைத்துப் போவார்கள். அதன் பின்னர், இந்நாட்டுக்கு எப்பொழுது வந்தாய் என்ற கேள்வி. இதற்கு ஒரு மூதாட்டி எனக்குச் சொன்ன பதிலை அவள் வாய்ச்சொல்லாகவே தருகிறேன்: "எப்ப வந்தேன்னு கேக்குறாங்க. நான் எங்கேயும் போகலையே, ஐயா."

அவள் பிறந்தது இங்குள்ள தோட்டம் ஒன்றில். பிறப்பைப் பதிந்தவர் எவருமில்லை. அவள் பிறந்த தோட்டம் பின்னர்த் துண்டு துண்டாக விற்கப்பட்டுச் செக்ரோல் புத்தகங்கள் கறையானுக்கு இரையாயின. அந்த ஒரு வாக்கியத்துக்கு நிகரான வாக்கியத்தை நம் பரிசுக் கதைகளில் நான் கண்டதில்லை. அதைப் படிவத்தில் எழுத இடமும் இல்லை. படிவம் எதை வாங்க மறுக்கிறதோ அதை வாங்கிக்கொள்ள வேண்டியது கதையின் கடமை. நம் கதையோ படிவத்தைப் போலவே, 'ஏழை, வயது எண்பது, துன்பப்பட்டவள்' என்று மட்டும் குறித்துக்கொண்டு மூதாட்டியை அனுப்பிவிடுகிறது.

நம் விஷயத்தை மிக நெருங்கிப் பிடித்த நூல், வருந்தத்தக்க விதமாக, தமிழில் எழுதப்படவில்லை. கெடா மாநிலத்துப் பீடோங்கில் 1942இல் பிறந்து, 2020இல் காலமான கே. எஸ். மணியம் 1981இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தி ரிட்டர்ன்' என்னும் நாவலே அது. ஆங்கிலப் பள்ளியிற் படித்தவர்களில் சிலர் இதைப் பரீட்சைக்காகப் படித்திருக்கக் கூடும்; தோட்டத்து நேயர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். ரவி என்பவன் தன் வாழ்க்கையைச் சொல்கிறான். அவன் பாட்டி பெரியத்தாய் மூன்று ஆண் பிள்ளைகளோடு இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தவள். உழைத்து ஒரு வீட்டை எழுப்பிக்கொள்கிறாள். அந்த வீட்டையும் நிலத்தையும் தனக்குச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்பதே அவள் கடைசி ஆசை. அது கைகூடவில்லை, 1958இல் இறந்துபோகிறாள். அவள் மகன், ரவியின் தந்தை, ஆஸ்பத்திரியில் சலவை வேலை செய்பவர். ரவி அவரை நைனா என்று அழைக்கிறான். தாயின் ஆசை மகனைப் பேயாய்ப் பிடித்துக்கொள்கிறது. ஆற்றங்கரையில் தமக்கு உரிமையில்லாத நிலத்தில் வீடு கட்டி, காலி செய்யும்படி உத்தரவு வந்தும் அசையாமல், புரியாத மொழியில் மந்திரம் போல் உளறி, முடிவில் வீட்டோடு தம்மையும் எரித்துக்கொள்கிறார். ரவியோ ஆங்கிலப் பள்ளியில் ஆங்கிலக் குழந்தைப் பாட்டுகளைக் கற்று, இங்கிலாந்து சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றுத் திரும்பியவன்.

பெரியத்தாய் இறந்த வருஷத்தைக் கவனியுங்கள். மெர்டேக்காவுக்கு அடுத்த வருஷம். சலுகைக் காலம் முடிந்த அதே வருஷம். மணியம் இதை எங்கும் உரக்கக் கூவவில்லை. ஆண்டை மாத்திரம் குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். இவ்வடக்கத்தை நம் எழுத்தாளர் கற்றுக்கொள்ள வேண்டும்.

இந்நாவலில் நான் முதன்மையாகச் சிலாகிப்பது வேறொன்று. பெரியத்தாயும் நைனாவும் இரக்கத்துக்குரிய பாத்திரங்களாகக் கைகட்டி நிற்பதில்லை. அவர்கள் ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையில் பிடிவாதமும் கர்வமும் பேராசையும் கலந்திருக்கின்றன. ரவிக்குத் தன் வீட்டின்மேல் வெட்கம். அவ்வெட்கத்தை மறைக்க ஆங்கிலம். நைனாவின் பித்தை அவன் அன்போடு மட்டும் பார்க்கவில்லை, எரிச்சலோடும் பார்க்கிறான். விண்ணப்பதாரனின் வீட்டில் இதுவே நடக்கிறது. நீல ஐ.சி. பெற்ற பிள்ளை, சிவப்பு ஐ.சி. தாயை அலுவலகத்துக்கு அழைத்துச் செல்ல ஒரு நாள் சம்பளம் இழக்கிறான். வரிசையில் நிற்கும்போது தாய் தமிழில் உரக்கப் பேசினால் கூசுகிறான். கூசியதற்காக இரவில் தன்னையே நொந்துகொள்கிறான். ஆங்கிலப் பள்ளியிற் படித்த எனக்கு ரவியின் கூச்சம் அந்நியமானதன்று. அதைத் தமிழில் எழுதினால் சமூகத்தின் மானம் போய்விடும் என்று நம்மவர் அஞ்சுகின்றனர் போலும். மணியத்துக்கு அந்த அச்சம் இல்லை; நம்மவரிற் பலர் படிக்காத மொழியில் எழுதியதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆயினும் இந்நூலின்மேல் எனக்குக் குறையும் உண்டு. நைனாவின் தீ பிரமாதமானது. பிரமாதமானது என்பதே குறை. நான் அறிந்த விண்ணப்பதாரர் எவரும் தீ மூட்டிக்கொண்டவர் அல்லர். அவர்கள் பத்திரங்களைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, மைலோ டின்னில் வைத்து, மழை ஒழுகாத மூலையில் பாதுகாக்கிறவர்கள். சாவை நாடிப் போகும் பரிசுக் கதையையும் தீயை நாடிப் போகும் இப்பெரிய நாவலையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது; எனினும் காத்திருப்பின் சாதாரணத்தைத் தாங்க முடியாமல் இரண்டும் ஏதோ ஓர் உச்சத்தை நோக்கி ஓடுகின்றன. அன்றியும், பெரியத்தாய் இறந்தபின் கதை ஆண்களின் கதையாகிவிடுகிறது. இந்நாட்டில் மைலோ டின்னைக் காப்பவர் பெரும்பாலும் பெண்கள்.

இன்னொன்றையும் எவரும் எழுதவில்லை. நான் நாவலாசிரியனாயிருந்தால் இதையே முதலில் எழுதுவேன். கல்யாணப் பேச்சு நடக்கும் இடத்தில், 'பெண்ணுக்கு என்ன ஐ.சி.?' என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே புகுந்து எத்தனையோ வருஷமாயிற்று. சாதி கேட்பதை வெட்கமென்று உணர்ந்து விட்டொழித்த வீடுகளிற்கூட இக்கேள்வி கூசாமல் கேட்கப்படுகிறது. கேட்பவன் கொடியவன் அல்லன். பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை எண்ணிக் கேட்கிறான். ஒரே வயிற்றில் மெர்டேக்காவுக்கு முன் பிறந்த அக்காள் சிவப்பு, பின் பிறந்த தங்கை நீலம் என்றிருந்த குடும்பங்களும் உண்டு. தங்கைக்கு முதலில் மணமாயிற்று. அக்காள் அரிசி களைந்துகொண்டே பந்தலைப் பார்த்த பார்வையில் ஒரு நாவல் இருக்கிறது. சர்க்கார் செய்த பேதத்தை எழுத நமக்கு வீரம் உண்டு. அப்பேதத்தை நாமே வாங்கி வீட்டுக்குள் வைத்துக்கொண்டதை எழுதச் சுயமரியாதை வேண்டும்.

இலங்கையைச் சற்று நோக்குவோம். அங்குத் துயரம் இதனினும் பெரிது. 1947ஆம் வருஷத் தேர்தலில் தலவாக்கலைத் தோட்டத் தொழிலாளர் தம் ஓட்டினால் சி. வி. வேலுப்பிள்ளையைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினர். அடுத்த வருஷமே வந்த குடியுரிமைச் சட்டம் அவ்வாக்காளர்களை நாடற்றவர் ஆக்கிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பார்ப்போம் என்று, தேயிலைப் பெட்டிகளைப் பங்கிடுவது போலப் பங்கிட்டது. 2003ஆம் வருஷத்துச் சட்டம் வரையில் அந்தக் கணக்கு தீரவில்லை. ஆனால் அங்கே தாம் இழந்ததை எழுத்தாளர் உடனுக்குடன் எழுதினார்கள். வேலுப்பிள்ளை பின்னர் எழுதிய தமிழ் நாவலின் பெயரே 'வீடற்றவன்'. தெளிவத்தை ஜோசப்பும் அவரைப் பின்தொடர்ந்தோரும் மலையகம் என்று ஒரு பெயரையே இலக்கியத்தில் நிலைநாட்டினர். அங்கு எல்லாரும் ஒருசேர இழந்தனர். ஆதலால் அது சமூகத்தின் கதையாயிற்று. இங்கு ஒருவர் பெற்று ஒருவர் பெறாது போனமையால், ஒவ்வொருவரும் தம் மறுப்பைத் தனியாக மடித்து வைத்துக்கொண்டனர். நம் மௌனத்துக்கு இதனினும் நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இது பழங்கதை என்று கூறுவோர்க்கு ஒரு பதில். 1962ஆம் வருஷத்துத் திருத்தத்திலிருந்து, இங்குப் பிறக்கும் குழந்தைக்குத் தாய் தந்தையரில் ஒருவர் நிரந்தரவாசியாக இருந்தாலே குடியுரிமை கிடைத்து வந்தது. அதாவது, கிழவியின் சிவப்பு அட்டை அவளுக்குத் தராததை அவள் பிள்ளைக்குத் தந்தது. 2024ஆம் வருஷம் பார்லிமெண்டு நிறைவேற்றிய திருத்தம், வெளிநாட்டிற் பிறக்கும் மலேசியத் தாயின் பிள்ளைக்கு நெடுநாள் மறுக்கப்பட்ட உரிமையை வழங்கியது, அது போற்றத்தக்கது. அதே திருத்தம் 'நிரந்தரவாசி' என்ற சொல்லை மேற்படி விதியிலிருந்து எடுத்துவிட்டது. ஒரு சொல்லை நீக்குவதால் என்ன ஆகும் என்று இலக்கியக்காரனுக்குத் தெரியாதா? முன்னதைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. பின்னதைப் பற்றி எங்கள் தோட்டத்தில் எவரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னபோதும் நம்பவில்லை.

2018 ஆகஸ்டில், அறுபது வயதைக் கடந்த சிவப்பு ஐ.சி. இந்தியர் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும், மலாய் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்த காலத்தில், எங்கள் பக்கத்து மூதாட்டிகள் பேரப்பிள்ளைகளிடம் மாலையில் பாடம் கேட்டனர். எழுபது வருஷமாகச் சந்தையில் மீன்காரனிடமும் பசார் மாலாமில் அண்டை வீட்டு மக்சுவிடமும் சரளமாய்ப் பேசிய மலாய் மொழி, பரீட்சை என்றவுடன் அவர்கள் நாவில் உறைந்து போயிற்று.

அவர்களில் ஒருவருக்குப் பின்னர் நீல ஐ.சி. கிடைத்தது. அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதற்காகப் பழைய சிவப்பு அட்டையை எடுத்துக்கொண்டு, முந்தின நாள் என் மேஜைக்கு வந்தார். இருபுறமும் ஒரு நகல் எடுத்துத் தரும்படி கேட்டார். எதற்கு என்று கேட்டேன். அந்தப் படத்தில் தமக்கு முப்பது வயது, வேறு படம் இல்லை என்றார்.